றம்பொடையில் நித்திரை கொண்டவர்

கலியாண வீடோ செத்த வீடோ, எங்கள் வயதுக்காரர் நாலு பேர் சேர்ந்தால் எப்படியும் பழைய கொழும்புக் கொட்டாஞ்சேனைக் கதை வரும். கொட்டாஞ்சேனைக் கதை வந்தால் அந்த மூன்று நாள் சைக்கிள் ஓட்டத்தின் கதையும் வரும். உடனே யாராவது ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டு, "பாவம், கையில இருந்த கோப்பையை நித்திரை கொண்டு விட்டவன்" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். போன மாதமும் சிரித்தீர்கள். நான் பாதித் தேத்தண்ணியோடு எழும்பிப் போனதற்குக் காரணம் முழங்கால் நோ என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான் காரணம்.

நீங்கள் சொல்லக் கேட்டவர்கள். நான் அந்த வேனுக்குள் இருந்தவள். அவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. என்ன நடந்தது என்று சொல்கிறேன். சொல்லி முடிந்த பிறகு சிரிக்க முடிந்தால் சிரியுங்கள்.

யுத்தம் முடிந்திருந்தது, அரிசிக் கூப்பன் முடியவில்லை. கொடி இன்னும் வெள்ளைக்காரனுடையதுதான். மாமா வெள்ளவத்தையில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்தார். அங்கேயே ஒரு போர்டிங்கில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார், சைக்கிளில்தான். யுத்தக் காலம் முழுக்க அவர் கொண்டுபோன தந்திகளில் பாதி, யாரோ ஒருவருடைய பிள்ளை எங்கேயோ செத்துப்போனான் என்கிற தந்தி. அவருடைய சைக்கிள் மணி கேட்டால் பெண்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்களாம். "கோயில் மணிக்குக்கூட இப்பிடிக் கும்பிட மாட்டினம், அக்கா" என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

வெள்ளவத்தையின் பெருந்தெருவான காலி வீதியில் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்காக மிதித்த கால்கள். அதனால்தான், கொழும்பிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து நுவரெலியா, நுவரெலியாவிலிருந்து திரும்பக் கொழும்பு என்று மூன்று நாள் ஓட்டம் ஒன்று வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்தார். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, ஆகக் குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெள்ளிக் கோப்பை. வெல்பவரைப் பம்பாய்க்கு ஓட அனுப்புவார்கள் என்று ஒரு பேச்சும் இருந்தது.

ஒரு நாள் ஓட்டம் எங்கள் சனத்துக்குப் பழக்கம். இது புதுசு. முதல் நாள் முறிந்து விழுகிற அளவுக்கு மிதித்தவன், மறுநாள் காலையில் எப்படி எழும்பித் திரும்பவும் மலையேறுகிறது? இதற்கு ஒருவருக்கும் பதில் தெரியாது. தெரியாதபடியால் எல்லோரும் பதில் சொன்னார்கள்.

பதில் சொல்கிற இடம் எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த சலூன். சலூன்காரர் இந்தியாவிலிருந்து வந்தவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். கால் என்பது இறைச்சி, இறைச்சியைப் பிசைந்தால்தான் இளகும் என்பது அவருடைய கொள்கை. நல்லெண்ணெய், கற்பூரம், நீலகிரித் தைலம், இன்னும் என்னவோ சேர்த்து ஒரு மண்ணிறப் போத்தலில் வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் கண் எரியும். ஓட்டம் முடிந்ததும் ஆளைப் பலகையில் போட்டு ஒரு மணி நேரம் உருவ வேண்டும், பச்சை முட்டையில் பிராந்தி அடித்துக் கொடுக்க வேண்டும், தண்ணீர் மட்டும் கொடுக்கக்கூடாது. தண்ணீர் காலில் இறங்கிக் கனத்துவிடுமாம்.

அடுத்த கட்சிக்குத் தலைவர் என் அப்பா. சுங்கத்தில் கிளாக்கர். கப்பல்காரர் யாரோ கொடுத்த பிரெஞ்சுச் சஞ்சிகை ஒன்று அவரிடம் இருந்தது. பிரான்சில் மூன்று கிழமை, மலைக்கு மேல் மலையாக ஓடுகிற ஓட்டத்தின் படங்கள். அப்பாவுக்கு ஒரு எழுத்துப் பிரெஞ்சும் தெரியாது. படத்தைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடித்தார். "பாருங்கோ, ஒருத்தனாவது படுத்திருக்கிறானோ? நிக்கிறான், நடக்கிறான், குழாயில கால் கழுவுறான். கால் ஆறக்கூடாது. ஆறினா இறுகும். ஓடி முடிச்சாப் பிறகும் மெல்ல மெல்ல மிதிச்சுக்கொண்டே இருக்கவேணும்."

சலூன்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே படத்தைப் பார்ப்பார். "கிளாக்கரய்யா, இவன் தொடை எப்படி மினுங்குது பாருங்க. எண்ணெய்! நல்லாத் தேய்ச்சிருக்கான்."

"அது வேர்வை."

"வேர்வை இப்படியா மினுங்கும்?"

அந்தச் சஞ்சிகை கைமாறிக் கைமாறி மடிப்பெல்லாம் கிழிந்து போனது. ஒரு பக்கத்தில் சேறு அப்பிய முகத்தோடு படியில் குந்தியிருக்கிற ஒருவனின் படம். அவன் யாரையும் பார்க்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும். அதைப் பற்றி இரண்டு கட்சியும் ஒன்றும் சொன்னதில்லை.

ஓட்டக்காரர்கள் பாதையில் ஓடும்போது பின்னால் போக ஒரு வாகனம் வேண்டியிருந்தது. பேக்கரி முதலாளி தன்னுடைய பாண் வேனைத் தந்து, தானே ஓட்டவும் வந்தார். அவர் புதுக்கடைப் பக்கத்து முஸ்லிம், சோனகர். எந்தக் கட்சியிலும் இல்லை. "எனக்கு மாவுதான் தெரியும். மாவைப் பிசைஞ்சா, பிறகு சும்மா வெக்கோணும். கை வெச்சிட்டே ஈந்தா பொங்காது" என்றார் ஒருநாள். அதைக் கேட்டு இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது. அவர்கள் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாமாவுக்குச் சமைக்க அம்மா வேண்டும் என்றார்கள். அம்மா போனால் என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. அப்படித்தான் நானும் பாண் வாசத்துக்குள் ஏறிக் குந்திக்கொண்டு போனேன்.

முதல் நாளைப் பற்றி உங்களுக்கும் தெரியும், அதை ஏனோ சொல்ல மறந்துவிடுகிறீர்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் மாமா எல்லோரையும் விட்டு மேலே போனார். நாங்கள் வேனில் பின்னால் வந்தோம். அவருடைய முதுகு இடமும் வலமும் அசைவதைப் பார்த்தால், சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு ஏறுகிறவர் மாதிரி இருந்தது. கண்டிக்குள் அவர்தான் முதலாவது. ரோட்டின் இரண்டு பக்கத்திலும் சனம். தமிழர், சிங்களவர், தொப்பி போட்ட துரைமார், எல்லோரும் கை தட்டினார்கள்.

கண்டியில் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கினோம். மாமா படியில் குந்திச் சப்பாத்தைக் கழற்றினார். முகம் முழுக்கப் புழுதி, பல் மட்டும் வெள்ளை. "அக்கா, நான் வாறதைப் பார்த்து சனம் சந்தோசப்பட்டது இண்டைக்குத்தான்" என்றார். பிறகு, "ஒரு பாய் போட்டுத் தா. படுக்கவேணும்" என்றார்.

அம்மா பாயை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் அப்பா அவரை எழுப்பிவிட்டார். "இப்ப படுத்தியெண்டா நாளைக்குக் கால் மரக்கட்டை. வா, வாவியைச் சுத்தி மெல்ல மிதி. நான் பின்னால நடந்து வாறன்." அத்தானின் பேச்சை மாமா தட்டுகிறவர் இல்லை. கண்டி வாவியைச் சுற்றினார். திரும்பி வந்ததும் அப்பா திருப்திப்படாமல் இன்னொரு சுற்று அனுப்பினார்.

வாவி முடிந்ததும் சலூன்காரரின் முறை. இரண்டு வாங்குப் பலகையைச் சேர்த்துப் போட்டு மாமாவைக் குப்புறக் கிடத்தி, போத்தலைத் திறந்தார். அறை முழுக்கத் தைல நெடி. தொடையில் அவர் அறைகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டு, ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முட்டையும் பிராந்தியும் வந்தது. மாமா தண்ணீர் கேட்டார். "பொறுத்துக்கங்க தம்பி" என்றார் சலூன்காரர். அப்பா ஐஸ் கொண்டுவந்து முழங்காலில் வைத்தார். சலூன்காரர் அதைத் தட்டிவிட்டார். ஐஸ் துண்டுகள் சீமெந்து நிலத்தில் சறுக்கிக்கொண்டு போனதை நான் துரத்திப் பிடித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். கண்டியிலே இருந்த தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் முதலாவதாக வந்தவரைப் பார்க்க வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் பலாப்பழம் பழுத்ததா என்று பார்க்கிற மாதிரி அவருடைய கெண்டைக்காலை விரலால் அமத்திப் பார்த்து, ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அவனைக் கொஞ்சம் விடுங்கோவன்" என்றாள் அம்மா.

"நீர் அடுப்பைப் பாரும்" என்றார் அப்பா.

விளக்கு வைத்த பிறகும் அதே அறையில், அவர் தலைமாட்டில் இருந்துகொண்டே, நாளைக்கு அவரை எப்படி ஓய்வாக வைத்திருப்பது என்று பேசினார்கள். நான் அம்மாவின் மடியில் நித்திரையாகும் வரைக்கும் மாமா கண்ணைத் திறந்தபடிதான் கிடந்தார்.

விடிய, அவர் கண் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்திருந்தது. அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இஞ்சருங்கோ, அவன்ர கண்ணைப் பாருங்கோ."

"கண்ணாலயோ மிதிக்கிறது?" என்றார் அப்பா.

கம்பளை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. புசல்லாவை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முன்னால் இரண்டே பேர்தான். மாமாவும், மொறட்டுவையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பையனும். தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையோடு ரோட்டோரத்தில் நின்று கூப்பாடு போட்டார்கள். அப்பா வேன் யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்திக்கொண்டு வந்தார். சலூன்காரர் போத்தலை மடியில் வைத்துக் கும்பிட்டபடி இருந்தார்.

றம்பொடை வளைவுகள் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் ஒன்றுமில்லை. கீழே எங்கேயோ ஆறு. ஒரு வளைவில் ரோடு இடது பக்கம் திரும்பியது. மாமாவின் சைக்கிள் திரும்பவில்லை. அது நேரே போனது. தலை தொங்கியிருந்தது. முன் சில்லு புல்லில் ஏறிய குலுக்கலில் முழித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றி நின்றார். அந்தச் சில்லுக்கு முன்னால் இருந்த நிலத்தில் ஒரு பாயைக்கூட விரிக்க முடியாது. எனக்கு அது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான்.

மாமா கீழே பார்த்தார். பிறகு சைக்கிளை மெல்லப் பின்னால் இழுத்து, ரோட்டைக் கடந்து, மலைப் பக்கத்தில் ஒரு கல்லோடு சாத்தினார். அந்த இடத்தில் பாறையிலிருந்து தண்ணீர் வழிந்து பீலியில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்துப் புல்லில் படுத்தார். கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

வேன் நிற்பதற்கு முதலே அப்பா குதித்தார். "எழும்பு! எழும்படா, கால் ஆறுது!"

"தொடை பிடிச்சிருக்குங்க, நகருங்க, நான் பாக்குறேன்" என்று போத்தலோடு சலூன்காரர் ஓடினார்.

அம்மா இருவரையும் முந்திக்கொண்டு போய்விட்டாள். எப்படி அவ்வளவு விரைவாக இறங்கினாள் என்று தெரியவில்லை. சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாமாவுக்கு முன்னால் நின்றாள்.

"தொடாதேங்கோ."

"உமக்கென்ன விசரோ? அங்க அவன் போறான், பாரும்!" மொறட்டுவைப் பையன் அடுத்த வளைவில் மறைந்துகொண்டிருந்தான்.

"ஓட்டக்காரரைத் தொட்டா ஓட்டத்தால விலக்குவினம். காலமை அந்த மனுசன் சொன்னதை நானும் கேட்டனான். தொடுங்கோ பாப்பம்."

அது உண்மைதான். பாதையில் ஓட்டக்காரரையோ சைக்கிளையோ யாரும் தொடக்கூடாது என்று காலையில் தொடங்குகிற இடத்தில் நடுவர் சொல்லியிருந்தார். அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. சலூன்காரர் போத்தலை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

பின்னால் வந்த ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். ஒருவன், "அய்யே, நெகிட்டின்ன!" என்று கத்தினான். அண்ணே, எழும்புங்கோ என்று. எதிராளிகூட எழும்பச் சொன்னான், பாருங்கள். அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவர் அழுது பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா அசையவில்லை. அவளுக்குப் பின்னால் மாமா மெல்லக் குறட்டை விட்டார்.

நடுவரின் கார் வந்து நின்றது. தொப்பி போட்ட பறங்கிக் கனவான். இறங்கிப் பார்த்தார். அம்மா கொன்வென்ட்டில் கொஞ்சக் காலம் படித்தவள். அந்த ஆங்கிலத்தை அவள் அதுவரைக்கும் வெளியில் எடுத்து நான் கேட்டதே இல்லை.

"இஸ் ஹி சிக்?"

"நோ, சேர். ஸ்லீப்பிங்."

"ஸ்லீப்பிங்?"

"யெஸ், சேர். எனி ரூல்?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மாமாவைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், புல்லில் முன் சில்லு கீறிய கோட்டைப் பார்த்தார். "நோ, லேடி," என்றார். "நோ ரூல்." தொப்பியைப் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு சின்னத் தலையசைப்பும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒழுங்கையில் அது அரை நாளாக வளர்ந்துவிட்டது. அதெல்லாம் பொய். வெயில் பாறையிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற அளவுதான். மாமா தானாக முழித்தார். எழும்பி இருந்து, எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எத்தினை பேர் போயிட்டினம், அக்கா?"

"நான் எண்ணேல்லை."

சிரித்தார். பீலியில் வாய் வைத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார். சலூன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா சைக்கிளை எடுத்து ஏறினார். நுவரெலியாவுக்குள் போனபோது கடைசி ஆட்களில் ஒருவர்.

அங்கே குளிரில் வாயால் புகை வந்தது. எங்கள் ஆட்கள் அவரைக் கைவிட்டார்கள். அந்தச் சொல்லைத் தெரிந்துதான் சொல்கிறேன். அப்பா அவரோடு ஒரு சொல் பேசவில்லை. சலூன்காரர் போத்தலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேனுக்குள் படுத்துக்கொண்டார். இனி அந்தக் காலால் யாருக்கும் பிரயோசனம் இல்லை என்றபடியால் ஒருவரும் அதை அமத்திப் பார்க்க வரவில்லை.

பேக்கரி முதலாளிக்கு நுவரெலியாவில் தெரிந்த பேக்கரி ஒன்று இருந்தது. மாமாவை அங்கே கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, இங்க போறணை சூடா ஈக்கி. மா மூட்டைக்கு மேல படுங்க. ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றார். போறணை அடுப்பிலிருந்து எடுத்த ரோஸ் பாணைப் பிய்த்து, வெண்ணெய் தடவி, சீனி போட்டு அம்மா கொடுத்தாள். மாமா தின்றார், தின்றார். பின்னேர வெளிச்சம் இருக்கும்போதே மா மூட்டைகளில் சாய்ந்தவர், மறுநாள் கோழி கூவித்தான் எழும்பினார். தலைமயிர், புருவம் எல்லாம் மா. கண் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

மூன்றாம் நாள் என்ன நடந்தது? அங்கே வந்ததும் ஏன் எல்லோரும் கதையை மாற்றுகிறீர்கள்? ஹற்றன் தாண்டி இறக்கத்தில் ஒவ்வொருவராகப் பிடித்தார். கித்துள்கலையில் அவருக்கு முன்னால் நாலைந்து பேர்தான். அவிசாவளைக்குப் பிறகு சமதரையில் மொறட்டுவைப் பையன் அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். ஒருகொடவத்தையில் எங்கள் கொட்டாஞ்சேனைச் சனம் கூடி நின்றது. முதல் வந்தது மாமாவின் சைக்கிள். கத்துவதா, ஏசுவதா என்று தெரியாமல் ஒரு கணம் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். காலிமுகத்திடலில் கயிற்றைக் கடந்தபோதும் அவர்தான் முதலாவது.

மூன்று நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தபோது நாலாம் இடம். கோப்பை மொறட்டுவைப் பையனுக்கு. பம்பாய்க்குப் போனதும் அவன்தான்.

அன்றைக்குப் பின்னேரமே சலூனில் விசாரணை. "முதல் நாள் நான் போட்ட எண்ணெய் மூணாம் நாள்தான் உள்ள இறங்கி வேலை செஞ்சிருக்கு" என்றார் சலூன்காரர். "வாவியைச் சுத்தி மிதிச்சதின்ர பலன்" என்றார் அப்பா. நடுவில் படுத்த அந்தப் படுக்கைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து. மாமாவை நிற்கவைத்துக் கேட்டார்கள், ஏன் படுத்தாய் என்று.

"நித்திரை வந்தது. படுத்தனான்" என்றார் மாமா.

அந்தப் பதில் யாருக்கும் போதவில்லை. கொஞ்ச நாளில் வேறு கதை கிளம்பியது. மொறட்டுவைக்காரர் கையில் எதையோ வைத்து ஆளைப் படுக்க வைத்துவிட்டார்கள் என்று. அதைத் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் அம்மாவின் காதில் படச் சொன்னாள். அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அவன் பள்ளத்தில விழுந்து செத்திருந்தா நீங்கள் எல்லாரும் பந்தல் போட்டு அழுதிருப்பியள், என்ன? உயிரோட வந்து நாலாவதா வந்ததுதான் உங்களுக்குப் பிடிக்கேல்லை" என்றாள். குழாயடியில் அதற்குப் பிறகு அந்தக் கதை இல்லை. சலூனில் இருந்தது. அப்பா மாமாவோடு பேசாமலே அந்த வருஷம் முழுக்க இருந்தார்.

இப்போது எனக்கு அந்த மனுசர்கள்மேல் கொஞ்சம் இரக்கம் வருகிறது, மறைக்கவில்லை. யுத்தக் காலத்து இருட்டடிப்பில், ஆகாயத்தில் என்ன இரைகிறது என்று காது கொடுத்தபடி முழித்துக் கிடந்து பழகியவர்கள். நித்திரை கொள்வது அவர்களுக்குக் காவலை விட்டுப் போகிற குற்றம் மாதிரி. எதையாவது வெல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். வெல்வதற்கு அவர்களிடம் இருந்ததெல்லாம் ஒரு தந்திக்காரரின் இரண்டு கால்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் இல்லை. அன்பால்தான் அந்த மனுசனை ஒரு கண் மூடவும் விடவில்லை. அவரை முறித்தது மலை இல்லை, அவருக்கு எப்படி ஓய்வு கொடுப்பது என்கிற வாக்குவாதம்தான். இதை நான் எத்தனை வயதில் சொன்னாலும் நீங்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஒத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த வருஷமும் ஓட்டம் வைத்தார்கள். மாமா பெயர் கொடுத்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை, அம்மாவைத் தவிர. பேக்கரி முதலாளி வேனைத் தந்தார். "நான் தம்பியோட போறன். பிள்ளையும் வரட்டும்" என்று அம்மா அப்பாவிடம் அறிவித்தாள். கேட்கவில்லை, அறிவித்தாள்.

இந்த முறை கண்டியில் சொந்தக்காரர் வீடு இல்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. மாமா வந்ததும் தண்ணீர் குடித்து, தயிரும் சோறும் தின்று, உள்ளே போய்ப் படுத்தார். அம்மா கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு அதில் குந்தியிருந்தாள். விஷயம் எப்படியோ பரவி, ஆட்கள் வந்தார்கள். எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். கொழும்பிலிருந்து பின்னேர ரயிலில் அப்பாவும் சலூன்காரரும் வந்து இறங்கினார்கள். ஒரே பெட்டியில் ஒன்றாக வந்திருந்தார்கள். அப்பாவின் கையில் குளுக்கோஸ் டப்பா.

"ஒருக்காப் பார்த்திட்டுப் போறம்" என்றார் அப்பா.

"ஓட்டம் முடிய, நாளையண்டைக்குக் காலிமுகத்தில பாருங்கோ."

"நான் அவன்ர அத்தான்!"

"ஓம். அவன் நித்திரை."

அப்பா அவளுக்கு மேலால் கதவை எட்டிப் பார்த்தார். பிறகு டப்பாவை அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அம்மா எழும்பவே இல்லை. நுவரெலியாவிலும் அதே கதிரைக் காவல்தான். நான் முழித்த நேரமெல்லாம் அவள் முழித்திருந்தாள்.

மாமாவுக்கு அந்த முறை மூன்றாம் இடம். முதலாவதாக வந்தவனும் இரண்டாவதாக வந்தவனும் அவரை விடப் பத்து வயது இளையவர்கள், நல்ல ஓட்டக்காரர்கள். அவர்கள் வென்றது நியாயம். "கொஞ்சம் எண்ணெய் போட்டிருந்தா…" என்று சலூன்காரர் காலிமுகத்திடலில் வைத்தே தொடங்கினார். மாமா அவருடைய தோளில் கையைப் போட்டுச் சிரித்தார். எனக்கு அவருடைய அந்த முகம்தான் வேண்டும், உங்களுடைய கோப்பை இல்லை.

திரும்பி வரும்போது அம்மா பாண் வேனுக்குள் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். வாய் திறந்திருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. வேன் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்றதும் சனம் ஓடிவந்தது. மாமா முதலில் இறங்கி, கதவை மெல்லச் சாத்தி, இரண்டு கையையும் விரித்து அதற்கு முன்னால் நின்றார். அப்பா கிட்ட வந்து கதவில் கை வைக்கப் பார்த்தார்.

"வேண்டாம், அத்தான்" என்றார் மாமா. "அக்கா தானா எழும்பட்டும்."

அப்பா கையை எடுத்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்திலே அசையாமல் இருந்து யன்னலால் பார்த்தேன். ஒருவரும் கலைந்து போகவில்லை. சலூன்காரர் தன் கடைக்குள் போய் வாங்கு ஒன்றைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அப்பா அதில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். பொழுது சாயும் வரைக்கும் அந்த இரண்டு பேரும், ஓடி முடித்தவன் படுக்க வேண்டுமா மிதிக்க வேண்டுமா என்று, வேன் பக்கம் பார்த்துப் பார்த்து, குசுகுசுத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.